துப்பாக்கியைத் துருவினின்று காக்கும் முறை

காட்டை அடுத்த கிராமங்களில், பன்றி முதலிய பிராணிகளிடமிருந்து பயிரைக் காக்கும் பொருட்டுக் குடியானவர் சிலர் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பதுண்டு. வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்குப் பயிர்க்காவலின் பொருட்டு உரிமம் அளிப்பதை 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் தனியே குறிப்பிடுகிறது. இத்தகைய துப்பாக்கி வருஷத்தில் சில நாட்களே வெளியே எடுக்கப்படும். மற்ற நாட்களெல்லாம் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். அப்படிச் சும்மா கிடக்கும் நாட்களிலேதான் துரு அதைத் தின்கிறது.

இரும்பு, காற்று, நீர் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் துரு உண்டாகிறது. துருவானது உதிரும் தன்மையும் நுண்துளைகளும் உடையதாதலால், அடியிலுள்ள இரும்பை மூடிக் காப்பதில்லை. ஈரத்தைப் பிடித்து வைத்து மேன்மேலும் அரிக்கிறது. உப்புச் சேர்ந்தாலோ அரிப்பு மிகவும் விரைவுபடும். வியர்வையுள்ள கை பட்ட இடத்தில் விரல் அடையாளமே துருவாகத் தோன்றுவது இதனாலேயே.

மண்வெட்டியைக் காட்டிலும் துப்பாக்கிக்கு அதிக ஜாக்கிரதை வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றாலான கருமருந்து எரியும்போது, எடையில் பாதிக்கு மேற்பட்ட பாகம் வாயுவாக மாறுவதில்லை. புகையோடு போனது போக மீதி குழலின் உட்புறத்தில் கசடாகப் படிகிறது. அக்கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் உப்புக்களை உடையது. பழைய வகைக் கேப்புகளில் உள்ள குளோரேட்டு என்னும் பொருளும், வெடித்தபின், சமையல் உப்பைப் போன்றதோர் உப்பை விட்டுச் செல்கிறது.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். சுட்டு முடித்ததும் குழலில் தாராளமாக எண்ணெய் விட்டு, வேலை தீர்ந்ததென்று வைத்து விடுகின்றனர். உப்பு எண்ணெயில் கரைவதில்லை. எண்ணெயின் அடியிலேயே தங்கி, மழைக்காலத்து ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். அமெரிக்கச் சுரங்க இலாகாவினர் 1922-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை ஐயமற விளக்கிற்று. உப்பை நீக்க வல்லது நீரே. ஆகையால் நீரால் கழுவுதல் முதல் வேலை. எண்ணெய் இடுதல் அதற்குப் பின்.

கழுவத் தொடங்குமுன் துப்பாக்கியில் மருந்து இல்லையென்று நிச்சயப்படுத்திக் கொள்ள வேண்டும். குழலின் நீளத்தை வெளிப்புறத்தில் அளந்து, மருந்து இடிக்கும் கோலை உள்ளே விட்டுப் பார்க்க, அது அடிவரை செல்லாவிடில் உள்ளே மருந்து இருக்கிறதென்று அறிந்து, தொழில் தெரிந்தவரிடம் ஒப்புவிக்க வேண்டும். வெறுங்குழலாயின், கோலில் துணியைச் சுற்றி, நன்றாகக் கொதித்த நீரால் கறுப்பு நிறம் வராமற் போகும் வரையில் கழுவ வேண்டும். கேப்புச் செருகும் முளையின் துளையையும் இவ்வாறே சுத்தி செய்ய வேண்டும். கொதிநீரால் இரும்பு சூடேறுவதால் மிஞ்சிய ஈரம் தானே உலரும். பின்னும் உலர்ந்த துணியால் துடைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவுதல் நலம்.

எல்லா எண்ணெயும் இதற்கு ஏற்றதன்று. நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகித் துப்பாக்கிக் குதிரையையும் விசையையும் இறுகச் செய்யும். தேங்காய் எண்ணெய் சிக்கெடுத்துப் புளித்து, அப்புளிப்பே இரும்பைத் தாக்கும். மண்ணெண்ணெய் துருவை இளக்க உதவும். ஆனால் விரைவில் ஆவியாகி இரும்பை வெறுமையாக விட்டு விடும். தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய கனிஜ எண்ணெயே தக்கது. அதையும் மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். ஆளிவிதை எண்ணெய் உலர்ந்து தோல் போலாவதால் மரக்கட்டைக்கு மட்டும் உதவும்.

மாதக் கணக்கில் வைக்க நேர்ந்தால், உதாரணமாகத் தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்புவிக்கும்போது, வாசலின் போன்ற கெட்டியான பூச்சு அதிக நாள் நிற்கும். மறுபடி எடுக்கும்போது குழலினுள் அப்பூச்சைச் சிறிதும் மிச்சமில்லாமல் துடைத்து விடுதல் அவசியம். தொழிற்சாலையில் ஏற்றிய கருநீலப் பூச்சும் இரும்பின் ஒருவகைத் துருவே. அது எண்ணெயைத் தாங்கி நிற்குமேயன்றித் தனியே காக்காது. அதை மணற்காகிதத்தால் தேய்க்கலாகாது. தோலுறை ஈரத்தைப் பிடிக்குமாதலால் துப்பாக்கியை அதனுள் நெடுநாள் வைத்தல் கூடாது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்துப் புதிதாக எண்ணெய் தடவ வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கென்று சிலர் எண்ணக்கூடும். வெளியே தெரியும் துரு அழகைக் கெடுக்கும். உள்ளே தெரியாத துரு குழலின் கனத்தைக் குறைக்கும். மெலிந்த குழல் வெடியின் வேகத்தைத் தாங்காது பிளந்தால், சிதைவது சுடுபவனுடைய கையும் கண்ணுமாம். உட்புறம் குழி விழுந்த துப்பாக்கியை எந்த எண்ணெயும் சீராக்காது. அதை உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் காட்டும் வரையில் சுடலாகாது. ஒரு பாத்திரம் வெந்நீரும் ஒரு முழம் துணியும் சில துளி எண்ணெயும் செலவிடுபவனுக்கு இந்த அபாயம் நேராது காக்கலாம்.