பிரவுனி ஆறட்டும்

ஓவனைத் திறந்ததுமே வீடு முழுக்கச் சாக்லேட் மணம். குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் தட்டைச் சுற்றி வந்து நின்றுவிடுவார்கள். 'சுடச்சுட ஒரு துண்டு' என்று யாராவது கேட்பார்கள். பார்த்துப் பார்த்து வீட்டில் செய்த பிரவுனியின் சுவை பாதி குறைவது அந்த அவசரத்தில்தான்.

பிரவுனி பிறந்த கதையே இதற்குச் சான்று. 1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, அங்குள்ள பால்மர் ஹவுஸ் ஓட்டலின் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த பெர்த்தா பால்மர், தம் சமையல்காரர்களிடம் ஓர் இனிப்பு கேட்டாராம். மதிய உணவுப் பெட்டியில் வைக்க வேண்டும், கேக் துண்டைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், பெண்கள் கையில் எடுத்துச் சாப்பிட வசதிப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். வால்நட் தூவி, மேலே ஆப்ரிகாட் பழப்பாகு தடவிய அந்தப் பிரவுனி இன்றும் அந்த ஓட்டலின் அடையாளம். பெட்டியில் போகிற பண்டம் ஆறித்தான் ஆகவேண்டும். ஆறியபின் கையில் எடுத்துச் சாப்பிடவே அது உருவாக்கப்பட்டது.

காரணம் எளிது. சூடான பிரவுனிக்குள் வெண்ணெயும் கோகோ கொழுப்பும் உருகிக் கிடக்கின்றன. கோகோ கொழுப்பு உருகுவது சுமார் 34 டிகிரி செல்சியஸில். சூடு அதற்கு நன்றாகக் கீழே இறங்கினால்தான் அது இறுகும். மைதாவின் மாவுச்சத்தும் ஆற ஆறத்தான் கெட்டிப்படும். அதற்குமுன் வெட்டினால் கத்தியில் அப்பிக்கொள்ளும், துண்டு உதிரும். குறைந்தது 2 மணி நேரமாவது தட்டிலேயே விட்டுவிட வேண்டும். நம் ஊர்க் கோடையில் அடுக்களையே 34 டிகிரியைத் தொட்டுவிடும் என்பதால், கைச்சூடு தணிந்தபின் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வெட்டலாம். கத்தியை வெந்நீரில் முக்கி, ஈரம் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் இப்படியே செய்தால் ஓரங்கள் நேராக விழும். மேலே காகிதம்போல் மினுங்கும் மெல்லிய ஏடு நொறுங்குவதையும் அப்போது பார்க்கலாம். முட்டையும் சர்க்கரையும் நன்றாக அடித்துக் கலந்ததற்குக் கிடைக்கும் பரிசு அது.

மறுநாள் பிரவுனி இன்னும் ருசி. உள்ளிருக்கும் ஈரம் எங்கும் சீராகப் பரவி, நடுப்பகுதி பால்கோவா மாதிரி நெகிழ்ந்து அடர்ந்திருக்கும். ஆனால் அந்த ஈரமே மேல் ஏட்டையும் மெதுவாக்கிவிடும். நொறுங்கும் மேல்பகுதிதான் வேண்டும் என்பவர்கள் செய்த அன்று மாலையே சாப்பிடுவது நல்லது.

இத்தனைக்கும் அடிப்படை, மாவு குறைவாக இருப்பதும் ஓவனில் அதிகம் காயாமல் இருப்பதும்தான். ஹாலிவுட் நடிகை கேத்தரின் ஹெப்பர்ன் பெயரில் புழங்கும் புகழ்பெற்ற செய்முறையில் 1 கப் சர்க்கரைக்கு மாவு வெறும் கால் கப். மாவு கூடினால் பிரவுனி கேக்காகிவிடும். நடுவில் பல்குச்சியைக் குத்திப் பார்க்கும்போது ஈரத்துகள்கள் ஒட்டி வரவேண்டும். குச்சி சுத்தமாக வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

ஓட்டல்களில் புகை பறக்க வரும் சிஸ்லிங் பிரவுனிக்கு ரசிகர்கள் ஏராளம். பார்க்க அழகுதான். ஆனால் ஐஸ்கிரீமும் சாக்லேட் சாஸும் சேர்ந்தபின் நாக்குக்குத் தெரிவது அவற்றின் இனிப்புத்தான். வீட்டில் ஐஸ்கிரீம் வேண்டுமென்றால், ஆறிய துண்டை மைக்ரோவேவில் 10 முதல் 15 விநாடி மட்டும் வெதுவெதுப்பாக்கி, ஒரு சிறு கரண்டி வெனிலா வைத்தால் போதும்.

அதைவிடப் பொருத்தமான துணை, சர்க்கரை போடாத டிகிரி காபி. அந்தக் கசப்பு இனிப்பின் திகட்டலைக் குறைத்து கோகோவின் மணத்தை முன்னே கொண்டுவரும். வெட்டியபின் மேலே இரண்டு சிட்டிகை கல்லுப்பைப் பொடித்துத் தூவினால் சுவை இன்னும் எடுப்பாக இருக்கும்.

மிஞ்சியதைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்ததை எடுத்த கையோடு சாப்பிட வேண்டாம். குளிரில் கொழுப்பு இறுகி, மணமும் இனிப்பும் மங்கியிருக்கும். கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.