ஒரே ஒரு மைக்! ஊரை மயக்கிய இசைத்தட்டு!

"ராக்" இசை என்றாலே பலர் காதைப் பொத்திக்கொள்வார்கள். டிரம் அதிரும். மின்சார கிதார் அலறும். பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்துவார்.

ஆனால், தொட்டிலில் தூங்கும் குழந்தை விழித்துவிடுமோ என்று பயந்து பாடியது போல ஒரு ராக் இசைத்தட்டு இருக்கிறது! அதன் பெயர் "டிரினிட்டி செஷன்". 1988-ம் ஆண்டு வெளிவந்தது. பாடியவர்கள், கனடா நாட்டைச் சேர்ந்த "கவ்பாய் ஜங்கீஸ்" குழுவினர்.

அண்ணன், தங்கை, தம்பி

குழுவில் 3 பேர் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அண்ணன் மைக்கேல் டிம்மின்ஸ் கிதார் வாசிப்பார். தங்கை மார்கோ பாடுவார். தம்பி பீட்டர் டிரம் அடிப்பார். நாலாவது ஆள் ஆலன் ஆன்டன், மைக்கேலின் பால்ய நண்பர்.

டொராண்டோ நகரில், ஒரு வீட்டுக் கார் ஷெட்டில்தான் பயிற்சி. சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். வேறு வழி? வாத்திய ஒலியைக் குறைத்தார்கள். குறைத்த பிறகுதான் தெரிந்தது, மார்கோ கத்தவே வேண்டியதில்லை என்று! முணுமுணுத்தாலே போதும், மனம் உருகியது.

மார்கோவுக்குக் கூச்சம் அதிகம். ஆரம்பத்தில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாடுவாராம்!

குடும்பம் மட்டும் நிஜம்

டொராண்டோவில் 1847-ல் திறக்கப்பட்ட திரித்துவ ஆலயம் இருக்கிறது. இருக்கைகள் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஒரு பெண்மணி கொடுத்த பணத்தில் கட்டியது. உயரமான கூரை. மெல்லப் பேசினாலும் ஒலி மிதந்து வரும்.

அங்கே இசையைப் பதிவு செய்ய ஆசைப்பட்டார்கள். ராக் குழு என்றால் அனுமதி கிடைக்குமா? "நாங்கள் டிம்மின்ஸ் குடும்பப் பாடகர்கள். ரேடியோவுக்கு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி தயாரிக்கிறோம்" என்று ஒரு புளுகு புளுகினார்கள். அதில் குடும்பம் என்பது மட்டும்தான் நிஜம்!

25 டாலர்

1987 நவம்பர் 27-ந் தேதி எல்லோரும் ஆலயத்தில் கூடினார்கள்.

ஸ்டூடியோவில் வாத்தியத்துக்கு ஒரு மைக் வைப்பார்கள். இங்கே பீட்டர் மூர் என்ற ஒலிப்பதிவாளர், நடுவில் ஒரே ஒரு மைக்கை நிறுத்தினார். சுற்றிலும் வாத்தியக்காரர்கள். எதன் ஒலி ஓங்குகிறதோ, அது தள்ளிப் போக வேண்டும். எது அமுங்குகிறதோ, அது கிட்டே வர வேண்டும். இப்படி நகர்த்தி நகர்த்தி வைப்பதிலேயே 6 மணி நேரம் போய்விட்டது! வாசிக்கும்போது ஒருவர் தவறினாலும், எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

மவுத் ஆர்கன், பிடில், அக்கார்டியன் என்று விருந்தாளிகளும் வாசித்தார்கள். இரவு ஏறியது. ஆலயத்தைப் பூட்டும் நேரம். பாட்டு பாக்கி இருக்கிறது! காவலாளியின் கையில் 25 டாலரைத் திணித்தார்கள். 2 மணி நேரம் கிடைத்தது. பாக்கியும் முடிந்தது.

விளக்கை அணைத்துவிட்டு...

இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டிய இசை இது. டிரம் எங்கோ தூரத்தில் கேட்கும். மார்கோவின் குரல் காதோரம் கேட்கும். நடுவே ஆலயத்தின் வெறுமை. அந்த இடைவெளியில்தான் மயக்கமே இருக்கிறது. பகலில் கேட்டால் சிலருக்குக் கொட்டாவி வரலாம். எல்லாப் பாட்டும் ஆமை வேகம்!

இதில் உள்ள "ஸ்வீட் ஜேன்", அமெரிக்கப் பாடகர் லூ ரீட் எழுதிய பழைய பாட்டு. இவர்கள் பாடிய விதத்தை அவரே மெச்சினார். 1994-ல் ஆலிவர் ஸ்டோன் தமது படம் ஒன்றில் அதைச் சேர்த்தார்.

இசைத்தட்டின் முதல் பாட்டில் வாத்தியமே இல்லை. மார்கோவின் குரல் மட்டும். சில நாள் கழித்து, அதே ஆலயத்தில் தனியாகப் பதிவு செய்தது. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்து, நெஞ்சில் பாறைத்தூசி அடைந்து, இளம் வயதிலேயே சாகும் தொழிலாளியின் புலம்பல் அது.

மார்கோவின் கொள்ளுத் தாத்தா நோவா டிம்மின்ஸ், கனடாவில் பெரிய தங்கச் சுரங்க முதலாளி. அவர் பெயரில் அங்கே ஒரு நகரமே இருக்கிறது.