பேச்சுக் கொடுத்தால் அப்பா நடப்பதை நிறுத்திவிடுகிறாரா? கவனிக்க வேண்டிய விஷயம் இது!

ஒரு சின்ன டெஸ்ட். வீட்டு ஹாலில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சாதாரணமாக நடங்கள். திரும்பி வரும்போது, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடங்கள். 93, 86, 79... அடுத்தது என்ன என்று யோசிக்கிற இடத்தில் உங்கள் கால் தானாகவே கொஞ்சம் மெதுவாகியிருக்கும். சிலர் நின்றே போயிருப்பீர்கள்.

இதென்ன விளையாட்டு என்கிறீர்களா? முதியவர்கள் கீழே விழும் ஆபத்தைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பரிசோதனைகளில் இதுவும் ஒன்று. பெயர், 'டூயல் டாஸ்க்' நடைப் பரிசோதனை.

நடப்பதற்கு யோசிக்க வேண்டுமா?

வேண்டாம் என்றுதான் நினைக்கிறோம். அது பாதி உண்மை. காலை மாற்றி மாற்றி எடுத்துவைக்கும் தாளத்தைத் தண்டுவடமும் மூளைத்தண்டும் பெரும்பாலும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் பிளாட்பாரத்தில் பெயர்ந்து கிடக்கும் கல், எதிரே வரும் பைக், படியின் உயரம் இதையெல்லாம் கவனித்து அடுத்த அடியை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் உதவியும் தேவை. கணக்குப் போடுவதற்கும், பேச வார்த்தை தேடுவதற்கும் உதவுவது அதே பகுதிதான்.

இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் வந்தால் கவனம் பங்கு போடப்படும். வேகம் குறையும். அடிகள் சிறிதாகும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலான நேரம் சீராக இருக்காது.

இளைஞர்களுக்குப் பிரச்னை இல்லையா?

இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 26 பேரை சுமார் எட்டரை மீட்டர் தூரம் நடக்கவைத்தார்கள். 2014-ல் வெளியான முடிவு இது: போனில் டைப் செய்துகொண்டே நடந்தவர்கள் மெதுவாக நடந்தார்கள், நேர்கோட்டிலிருந்து விலகினார்கள், திரையைப் பார்ப்பதற்காகத் தலையை அசைக்காமல் விறைப்பாக வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். வளாகத்தில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு கோமாளியைச் சுற்றவிட்டார்கள். போனில் பேசியபடி கடந்தவர்களில் நான்கில் ஒருவர்தான் அவரைக் கவனித்தார்! நண்பருடன் நேரில் பேசிக்கொண்டு போனவர்களில் சுமார் 70 சதவிகிதம் பேர் கவனித்திருந்தார்கள். பக்கத்தில் நடப்பவருக்கும் பாதை தெரியும். போனில் இருப்பவருக்குத் தெரியாதே!

சரி, அப்பா ஏன் நிற்கிறார்?

வயது கூடும்போது பார்வை, தசை பலம், உள்காதின் சமநிலை உணர்வு எல்லாம் குறைகின்றன. அதை ஈடுகட்ட நடைக்கு அதிக கவனம் செலவாகிறது. மீதி இருப்பது குறைவு. அந்த நேரத்தில் நாம் ஒரு கேள்வி கேட்டால், மூளை நடையை நிறுத்திவிட்டுப் பதிலைத் தேடுகிறது.

1997-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட குறிப்பு இதில் முக்கியமானது. முதியோர் குடியிருப்புகளில் வசித்த 58 பேரிடம், நடக்கும்போது பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதங்களில் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள்.

நிற்காமல் நடந்த 46 பேரிலும் 11 பேர் விழுந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதாவது, நிற்பது ஓர் எச்சரிக்கை. நிற்காமல் நடப்பது உத்தரவாதம் அல்ல.

நினைவாற்றலுக்கும் இதில் தொடர்பு உண்டு. லேசான மறதிப் பிரச்னை உள்ள 112 பேரை கனடா ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். கணக்குப் போட்டுக்கொண்டோ, விலங்குகளின் பெயரைச் சொல்லிக்கொண்டோ நடக்கும்போது வேகம் 20 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தவர்களுக்கு, பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அதற்காக, நின்றவுடனே டிமென்ஷியா என்று பயப்பட வேண்டாம்.

சரிசெய்ய முடியுமா?

ஓரளவு முடியும். ஜெனீவாவில் 65 வயதைக் கடந்த 134 பேரிடம் நடந்த ஆய்வில், பியானோ இசை மாறுவதற்கு ஏற்ப நடையை மாற்றும் வகுப்பு ஆறு மாதங்கள் கொடுக்கப்பட்டது. வகுப்புக்குப் போனவர்களிடம் கீழே விழுவது பாதியளவுக்குக் குறைந்தது. 

வீட்டில் என்ன செய்யலாம்?

* படி இறங்கும்போதோ, ரோடு கிராஸ் பண்ணும்போதோ பெரியவர்களிடம் கேள்வி கேட்காதீர்கள்.
* பேசுவதற்காக அவர்கள் நின்றால், நீங்களும் நில்லுங்கள். "நடந்துக்கிட்டே சொல்லுங்கப்பா" என்று அவசரப்படுத்த வேண்டாம்.
* முன்பு பேசிக்கொண்டே நடந்தவர் இப்போது அடிக்கடி நிற்கிறார் அல்லது தடுமாறுகிறார் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பார்வை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள்கூட காரணமாக இருக்கலாம்.
* டூயல் டாஸ்க் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் உதவியோடு மட்டும் தொடங்குங்கள்.

ஆபீஸ் முடிந்து மெட்ரோவுக்கு நடக்கும் நேரத்தில்தான் நம்மில் பலர் வீட்டுக்கு போன் செய்கிறோம். அந்தப் பக்கம் அம்மாவும் பாத்ரூமிலிருந்து ஈரக்காலோடு போனை எடுக்க ஓடி வரலாம். அடுத்த முறை முதல் கேள்வியை மாற்றிப் பாருங்கள்: "சாப்டியாம்மா?" அப்புறம் கேட்கலாம். முதலில், "உட்கார்ந்துட்டியாம்மா?"