உலர்த்தியை நிறுத்துதல்: தேயிலைத் தொழிற்சாலையின் உழைப்பறிவு

மலையக இலக்கியம் பற்றிய ஆய்வுகளில் கொழுந்துக் கூடை பெறும் இடத்தைத் தொழிற்சாலையின் உலர்த்தி பெறுவதில்லை. தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் அக்கட்டிடத்தினுள்ளேதான் பச்சைக் கொழுந்து விற்பனைப் பண்டமாக மாறுகின்றது. அங்கு உழைப்போரின் அறிவையும் நாம் நோக்குதல் வேண்டும்.

நுவரெலியா, அற்றன் பகுதிகளில் நெடுங்காலம் வழக்கிலுள்ள சங்கிலித்தட்டு உலர்த்தியின் அமைப்பு எளிது. விறகடுப்பு இரும்புக் குழாய்களைச் சூடேற்றும். அவற்றைத் தழுவிவரும் காற்றை விசிறியொன்று அழுத்தத்துடன் தட்டுகளுக்குக் கீழே செலுத்தும். 90 பாகை செல்சியசை ஒட்டிய அக்காற்றில் ஏறத்தாழ 20 நிமிடம் நகரும் தேயிலை, 3 சதவீதமளவு ஈரத்துடன் வெளிவரும்.

இயக்குவதினும் நிறுத்துவதே நுட்பமானது. கடைசி இலை இடப்படுமுன்பே விறகிடுதல் குறைக்கப்படும். தட்டுகள் முற்றாக வெறுமையாகும்வரை சங்கிலி ஓடும். விசிறியோ, அடுப்பும் குழாய்களும் தணிந்த பின்னரே நிற்றல் வேண்டும். ஏனெனில் தீ அணைந்தாலும் அடுப்பின் செங்கல் நெடுநேரம் வெப்பத்தைக் காத்து வைத்திருக்கும். அவ்வெப்பத்தை எடுத்துச்செல்லக் காற்றில்லையாயின் குழாய்கள் நெளிந்து வெடிக்கும். பின்னர் அவ்வெடிப்பினூடாகப் புகை புகுந்து தேயிலையைக் கெடுக்கும். உள்ளே எஞ்சிய உலர்ந்த தூள் தீப்பற்றவும் கூடும். விசிறி நின்று அழுத்தம் இறங்குமுன் கதவைத் திறப்பவரின் முகத்தில் சூடான காற்றும் தூசும் அறையும்.

இக்காத்திருப்பு நேரத்தில் ஓர் இறாத்தல் தேயிலையும் உற்பத்தியாவதில்லை. கணக்கேட்டின் பார்வையில் அது வீண் நேரம். தொழிலாளியின் பார்வையிலோ உடலைக் காக்கும் நேரம். உற்பத்தி உறவின் முரண்பாடு ஒரு விசிறியின் ஓட்டத்திலேயே வெளிப்படுகின்றது. தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இம்முரண்பாடு இரு காலத்துக்கும் பொதுவானது. தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் காவலாக ரோதைமுனியை மக்கள் வழிபட்டமையை வெறும் மூடநம்பிக்கையெனத் தள்ளுவோர், சுழலும் சக்கரத்தின் அருகே நின்று உழைத்தவரின் அச்சத்தை அறியாதவரே.

மின்சாரம் திடீரெனத் தடைப்படும்போது மேற்கூறிய ஒழுங்கு தலைகீழாகின்றது: தீ எரிந்துகொண்டிருக்க விசிறி முதலில் நின்றுவிடும். அப்போது அடுப்புக்கதவைத் திறந்து, எரிதணலை நீண்ட இரும்புக்கோலால் வெளியே இழுத்துவிடுதல் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிலவியது. மின்பிறப்பாக்கிக்கான டீசலுக்கும் தட்டுப்பாடு. இருளில் அந்த இரும்புக்கோலைப் பிடிப்பவர் அடுப்புத் தொழிலாளியே.