கோடுகளில் வரலாறு – 9: பத்து சென்ட் புத்தகம்

1957 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு காமிக்ஸ் வெளிவந்தது. ‘மார்ட்டின் லூதர் கிங்கும் மாண்ட்கமரி கதையும்’ என்று பெயர். 16 பக்கம், விலை 10 சென்ட். ஃபெலோஷிப் ஆஃப் ரீகன்சிலியேஷன் என்ற அமைதி இயக்கம் சுமார் 2,50,000 பிரதிகள் அச்சிட்டது. தேவாலயங்களும் மாணவர் குழுக்களும் அதைத் தென்மாநிலங்களில் கைக்குக் கை கடத்தின. படம் வரைந்தவர் சை பேரி என்பது பல பத்தாண்டுகள் கழித்தே உறுதியானது. ஃபாண்டம் கதைகளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்தவர் அவர். ராணி காமிக்ஸ் படித்தவர்களுக்கு ஃபாண்டம்தான் மாயாவி.

பேருந்தில் இருக்கையை விட மறுத்து ரோசா பார்க்ஸ் கைதானது, மாண்ட்கமரி ஊரின் 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு காந்தி வருகிறார். அறவழிப் போராட்டத்தை எப்படி நடத்துவது என்ற விளக்கமும் வருகிறது. அடித்தால் என்ன செய்வது என்று கற்றுத்தரப் பிறந்த புத்தகம் அது. பாடம் ஏறாத பிள்ளைகளுக்குத்தான் காமிக்ஸ் என்று நினைக்கும் ஆசிரியர்கள் இதை அறிய வேண்டும்.

நாக்பூரில் கல்லூரி ஆசிரியராக இருந்து காந்தியத்தை ஆழப் படித்து அமெரிக்கா திரும்பிய ஜேம்ஸ் லாசன், நாஷ்வில் மாணவர்களுக்கு அந்த அறவழிப் போராட்டத்தில் பயிற்சி கொடுத்தார். அவர்களில் ஒருவரான ஜான் லூயிஸும் இந்தக் காமிக்ஸைப் படித்தவர். 16 வயதில், கறுப்பர் என்பதால் நூலக அட்டை மறுக்கப்பட்டவர் அவர். நாடாளுமன்ற உறுப்பினரான பிறகு அவர் ஆண்ட்ரூ அய்டினுடன் சேர்ந்து எழுத, நேட் பவல் கறுப்பு வெள்ளையில் வரைந்த ‘மார்ச்’ என்ற காமிக்ஸ் மூன்று தொகுதிகளாக வந்தது (2013–2016). மூன்றாம் தொகுதி 2016இல் தேசியப் புத்தக விருது பெற்றது.

வகுப்பில் ‘மார்ச்’ நூலை எப்படிப் படிப்பது? 1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் பேரணியாக வந்த சுமார் 600 பேர் மீது காவலர்கள் பாய்ந்தார்கள். லூயிஸின் மண்டை உடைந்தது. திரைப்படத்தில் அந்த அடி நொடியில் கடந்துவிடும். காமிக்ஸில் மாணவி விரும்பும்வரை ஒரே கட்டத்தில் நிற்கலாம். தடி ஓங்கிய கட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் என்ன நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள். பத்து சென்ட் புத்தகத்தின் கதையில் யார் இல்லை என்றும் கேளுங்கள். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், அதே மாண்ட்கமரி ஊர்ப் பேருந்தில் இருக்கையை விட மறுத்துக் கைதான கிளாடெட் கால்வினை மாணவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

ஒரு சிக்கலும் உண்டு. வெள்ளை வெறியர்களின் வசைச்சொற்களை ‘மார்ச்’ மறைக்காமல் அச்சிட்டிருக்கிறது. அழித்துவிட்டுக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவற்றை எந்தப் பிள்ளையையும் உரக்கப் படிக்க வைக்கக் கூடாது, வகுப்பில் இருக்கும் ஒரே கறுப்பினப் பிள்ளையை ஒருபோதும் கூடாது. அந்தச் சொற்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்பதை, புத்தகம் கைக்குப் போகும் முன்பே ஆசிரியர் தன் வாயால் சொல்லிவிட வேண்டும்.

(தொடரும்)