பென் டிரைவில் எவ்வளவு பிடிக்கும்?

அரிமளத்தில் சான்றிதழ் பிரிண்ட் எடுக்கப் போகிறவர்கள் பலரின் சட்டைப்பையிலும் இருப்பது பென் டிரைவ். நம் புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில்தான், 2000-இல் டிரெக் நிறுவனம் இதைத் ‘தம்ப்டிரைவ்’ என்று கொண்டுவந்தது. அதே ஆண்டு ஐபிஎம் விற்ற டிரைவில் பிடித்தது வெறும் 8 எம்பி. இரண்டு பாட்டு ஏற்றினால் நிரம்பிவிடும்!

இன்று சில நூறு ரூபாய்க்கு 32 ஜிபி கிடைக்கிறது. அதே விலைக்கு 2 டிபி என்றால் நம்பாதீர்கள். உள்ளே இருப்பது சின்ன சிப். கணினியிடம் பொய்க்கணக்கு காட்டும். சிப் நிரம்பியபின் ஏற்றும் படங்களுக்குப் பெயர் மட்டும் தெரியும், படம் திறக்காது. வாங்கியதும் முழுக்க நிரப்பி, முதலில் ஏற்றியதும் கடைசியில் ஏற்றியதும் திறக்கிறதா பாருங்கள். அதுவரை பில்லைத் தூக்கிப்போட வேண்டாம்.

4 ஜிபியைத் தாண்டிய கல்யாண வீடியோ ஏற மறுக்கிறதா? டிரைவ் பழுதில்லை. அது ஃபேட்32 என்ற சேமிப்பு முறையில் இருக்கும்; அந்த முறை அவ்வளவு பெரிய ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் என்ற முறைக்கு மாற்றி ஃபார்மேட் செய்தால் ஏறும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்; முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.