டெட்லைன்... தாண்டினால் டுமீல்!

ஒரு கம்பெனியில் நான் கணக்கெழுதிய காலத்தில், மார்ச் மாதம் வந்தாலே மானேஜர் தினம் நாலு தடவை "டெட்லைன் ஞாபகம் இருக்கில்ல?" என்பார். தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம். அந்த வார்த்தையின் பூர்வீகம் தெரிந்திருந்தால் டீ இறங்கியிருக்காது.

1864. அமெரிக்க உள்நாட்டுப் போர். ஜார்ஜியா மாநிலம் ஆண்டர்சன்வில்லில், தெற்கத்திக்காரர்கள் வடக்கத்திப் போர்க் கைதிகளை அடைத்த முகாம். சுற்றிலும் உயரமான மரச்சுவர். அதற்கு உள்ளே சுமார் 19 அடி தள்ளி, குட்டையாக ஒரு கட்டை வேலி. சின்னப் பையன்கூடத் தாண்டிவிடலாம். தாண்டினால் மேலேயிருந்து காவலாளி சுடுவான். வேலிக்குப் பெயர், 'டெட் லைன்'!

தெரிந்தும் எவன் போவான் என்கிறீர்களா? முகாமுக்குள் ஓடியது ஒரே ஓடை. குடிக்க, குளிக்க, மற்ற சமாசாரம் எல்லாவற்றுக்கும் அதுதான். ஓடை உள்ளே நுழைகிற இடத்தில் தண்ணீர் கொஞ்சம் தெளிவாக இருக்குமே என்று, வேலிக்கு அடியில் குவளையை நீட்டியவர்கள் குண்டு வாங்கினார்கள். பசி, வயிற்றுப்போக்கு வேறு. 14 மாதங்களில் உள்ளே போன சுமார் 45,000 பேரில் ஏறக்குறைய 13,000 பேர் திரும்பவில்லை. முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸை 1865 நவம்பரில் தூக்கில் போட்டார்கள். அவர்மேல் சொன்ன குற்றங்களில் இந்தக் கோடும் ஒன்று.

பிற்பாடு, 20-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், அமெரிக்கப் பத்திரிகை ஆபீஸ்களில் இது 'கடைசி நேரம்' என்ற அர்த்தத்தில் புழங்கத் தொடங்கியது. நேரம் தாண்டி வந்த செய்தி, செத்த செய்தி! தமிழில் 'கெடு' என்கிறோம். அதுவும் அப்படியொன்றும் மங்களகரமாக இல்லை.

இந்தக் கட்டுரைக்கு ஆசிரியர் வைத்த கெடு, நேற்று. நல்லவேளை, போன்தான் பண்ணினார்.